திகனயில் ஏறிய ஒருத்தி எத்தனை பயணி?

கொழும்பு இலகு ரயில் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நம்ம ஆட்கள் உடனே எண்ணிக்கைக்குத் தாவிடுவாங்க. கோலாலம்பூர்ல ஒரு நாளைக்கு இத்தனை லட்சம், மணிலாவில இத்தனை லட்சம், லண்டன்ல வருஷத்துக்கு இத்தனை கோடி. ஒரு பக்கம் "பாருங்க, அங்கெல்லாம் நிரம்பி வழியுது, இங்க வந்த திட்டத்தைக் கோத்தாபய கெடுத்துட்டார்" என்று கோபம். மற்றப் பக்கம் "அடிஸ் அபாபாவைப் பாருங்க, ரயில் எல்லாம் ஷெட்டில நிக்குது, நல்லவேளை தப்பிச்சோம்" என்று பெருமூச்சு. ரெண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே அட்டவணைதான்: நகரத்தின் பெயர், பக்கத்தில் பயணிகள் தொகை. அந்த அட்டவணையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதுதான் என் கட்சி. கண்டியைப் பற்றி, அதிலும் திகனப் பக்கத்தைப் பற்றி, அதை வைத்து ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது.

முதல்ல "பயணி" என்கிற சொல்லையே எடுப்போம். திகன சந்தியில் காலையில் பஸ் ஏறி பேராதனைக் கம்பஸுக்கு வரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். திகனயிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ். கண்டியில் இறங்கி, நெரிசலுக்குள்ளால நடந்து, கலஹா சந்திக்கு இன்னொரு பஸ். பின்னேரம் அதே மாதிரித் திரும்ப. பஸ்ஸில் ஏறிய தடவைகளை எண்ணினால் அவள் ஒரு நாளில் நாலு பயணி. வீட்டிலிருந்து போன இடத்துக்கு என்று முழுப் பயணத்தை எண்ணினால் ரெண்டு. ஆளை எண்ணினால் ஒன்று. நாளைக்கே திகனயிலிருந்து பேராதனை வரை நேரடி பஸ் ஒன்று ஒழுங்காக ஓடத் தொடங்கினால், ஏறுதல் கணக்கில் அவள் பாதியாகக் குறைந்துவிடுவாள். அதாவது சேவை நல்லாகும்போது எண்ணிக்கை விழும். மாறி மாறி ஏற வைத்து ஆட்களை அலைக்கழிக்கும் நகரம் பட்டியலில் மேலே நிற்கும்.

இது வெறும் வாய்ப்பேச்சுக் கணக்கு இல்லை. உலகத்தில் சில ரயில் சேவைகள் வாயில் இயந்திரத்தைத் தாண்டி உள்ளே வந்தவர்களை எண்ணுகின்றன, சில பெட்டிக்குள் ஏறியவர்களை எண்ணுகின்றன, சில விற்ற டிக்கெட்டை வைத்து மதிப்பிடுகின்றன. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் மாதத்தில் இத்தனை தடவை போயிருப்பார் என்று ஊகித்துப் பெருக்கிக்கொள்வதும் உண்டு. இந்த நாலு விதமான எண்ணையும் ஒரே பத்தியில் போட்டு, பெரிசிலிருந்து சின்னதுக்கு வரிசைப்படுத்தி "ஒப்பீடு" என்று பெயர் வைத்தால் எப்படி? புளியையும் பெற்றோலையும் லீட்டரில் அளந்த மாதிரி.

சரி, எண்ணுவது ஒரே மாதிரி என்றே வைத்துக்கொள்வோம். ஒரே நாட்டுக்குள்ளேயே பாருங்க. லண்டன் டொக்லண்ட்ஸ் இலகு ரயில் 1987இல் தொடங்கியபோது அதில் ஓடியது ஒற்றை வண்டித்தொடர்கள் 11. கப்பல்துறை மூடி, பாழடைந்து கிடந்த பகுதி அது. இப்போது சுமார் 38 கிலோமீட்டர், வருஷத்துக்கு 10 கோடி அளவு பயணங்கள். ஷெஃபீல்ட் நகரத்து சூப்பர்டிராம் 1994இல் தொடங்கியது. கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர். வருஷத்துக்கு ஒரு கோடிக்கு முன்னப்பின்ன. நீளம் ஏறக்குறைய ஒன்று, பயணம் பத்தில் ஒன்று. ஷெஃபீல்ட்காரர்களுக்கு ரயில் பிடிக்காதா?

லண்டன் பெரிய நகரம் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி 1986இல் இருக்கிறது. அந்த வருஷம் தட்சர் அரசாங்கம் லண்டனுக்கு வெளியே பஸ் சேவையைத் திறந்துவிட்டது. யாரும் பஸ் போடலாம், எந்தப் பாதையிலும் போடலாம், கட்டணமும் அவரவர் இஷ்டம். லண்டனில் மட்டும் பாதையும் கட்டணமும் ஒரே அதிகாரத்தின் கையில் இருந்தது. ஷெஃபீல்டில் டிராம் ஓடத் தொடங்கியபோது அதே வீதியில் தனியார் பஸ்கள் போட்டிக்கு மலிவாக ஓடின. டிராம் டிக்கெட் ஒரு பக்கம், பஸ் டிக்கெட் ஒரு பக்கம். பஸ்ஸில் வந்து டிராமில் மாறினால் ரெண்டு தடவை காசு. டொக்லண்ட்ஸிலோ பாதாள ரயில், பஸ், இலகு ரயில் எல்லாம் ஒரே வலைக்குள். பயணிகள் தொகை என்பது வானிலை மாதிரித் தானாக வருவது இல்லை. யாரோ மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு அது.

இந்தக் கதை நமக்குப் பழகிய கதைதானே? 1958 ஜனவரியில் பஸ் எல்லாம் அரசுடைமையானது. 1979க்குப் பிறகு தனியார் பஸ்ஸுக்கு மறுபடி கதவு திறந்தது. அதற்குப் பிறகு ரெண்டும் ஒரே வீதியில் ஒரே ஆளைப் பிடிக்க ஓட்டப்பந்தயம் ஓடுகின்றன. ஒரு பஸ்ஸின் சீசன் மற்றதில் செல்லாது. பேருந்துக்கும் கோச்சிக்கும் பொதுவான டிக்கெட் என்கிற பேச்சே கிடையாது. இந்த மண்ணில் ஒரு இலகு ரயிலை நட்டால் அது ஷெஃபீல்ட் ஆகுமா, டொக்லண்ட்ஸ் ஆகுமா என்று யோசிக்க பெரிய படிப்பு தேவையில்லை.

கோலாலம்பூரையும் சும்மா விடக்கூடாது, ஏனென்றால் நம்ம ஆட்கள் அதிகம் உதாரணம் காட்டுவது அதைத்தான். அங்கே ஸ்டார் என்ற நிறுவனத்தின் பாதை 1996இல் வந்தது, புத்ரா என்பதன் பாதை 1998இல். ரெண்டு தனியார் கம்பெனி, ரெண்டு பாதை. எதிர்பார்த்த அளவு ஆட்கள் ஏறவில்லை, நடுவில் ஆசிய நிதி நெருக்கடி வேறு. கடன் கழுத்தை நெரிக்க, 2002இல் அரசாங்கம் ரெண்டையும் எடுத்துக்கொண்டது. 2002இல் யாராவது நம்ம ஆட்களிடம் அட்டவணை கேட்டிருந்தால் கோலாலம்பூரைத் "தோல்வி" பத்தியில் போட்டிருப்பாங்க. மஸ்ஜித் ஜமேக் நிலையத்தில் ரெண்டு பாதையும் சந்திக்கின்றன, பெயரும் ஒன்றே. ஆனால் 2011 கடைசி வரைக்கும் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற வெளியே வந்து புது டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. அரசாங்கம் எடுத்து ஒன்பது வருஷம் கழித்துத்தான் அந்த ஒரு தடுப்பை எடுத்தார்கள். 2016இல் ரெண்டு பாதையையும் நீட்டினார்கள். இன்றைக்கு நீங்க காட்டுகிற லட்சங்கள் இருபது வருஷ வேலையின் கூலி. தண்டவாளத்தை மட்டும் போட்டுவிட்டுக் கேட்டால் வராது.

இனி மணிலா. எண்ணிக்கையை வழிபடுபவர்களுக்கு மணிலாவின் எம்.ஆர்.டி-3 பாதைதான் குலதெய்வமாக இருக்க வேணும். வெறும் 17 கிலோமீட்டர், 13 நிலையம், ஓடுவது செக் நாட்டு டிராம் பெட்டிகள். நாளைக்கு மூன்றரை லட்சம் பேருக்கென்று வடிவமைத்தார்கள், 2012 அளவில் ஐந்து லட்சத்தைத் தாண்டி ஏற்றினார்கள். கிலோமீட்டருக்கு என்று பிரித்தால் டொக்லண்ட்ஸைப் போல நாலு மடங்கு! அதே காலத்தில் நிலையத்துக்கு வெளியே, வீதி ஓரத்தில், ஆட்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2012இல் பராமரிப்பு ஒப்பந்தம் கை மாறியது, ஓடக்கூடிய ரயில்கள் குறைந்தன. 2014 ஆகஸ்டில் ஒரு ரயில் கடைசி நிலையத்தில் நிற்காமல் தடுப்பை உடைத்துக்கொண்டு வீதிக்கு வந்தது, பலர் காயம். 2017இல் ஓடும்போதே ஒரு பெட்டி கழன்றது, பயணிகள் தண்டவாளத்தில் நடந்து போனார்கள். அந்த ஐந்து லட்சம் வெற்றியின் எண் இல்லை. வேறு வழியில்லாத சனத்தின் எண். நம்ம ஊர் பஸ்ஸில் புட்போர்டில் தொங்குபவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு "பொதுப் போக்குவரத்துக்கு அமோக வரவேற்பு" என்று சொல்வது எப்படியோ, அப்படி.

ஸ்காபரோவில் மாமா மாமி இருக்கிறவர்கள் இதைக் கேட்டுப் பாருங்க. டொராண்டோவில் நம்மவர்கள் நிறைய இருக்கும் அந்தப் பக்கத்தில் 1985 முதல் ஒரு குட்டி இலகு ரயில் ஓடியது. ஆறு கிலோமீட்டர் சொச்சம், ஆறு நிலையம். 2023 ஜூலையில் கடைசிப் பெட்டி தடம் புரண்டது, அத்தோடு பாதையை மூடிவிட்டார்கள். எப்படியும் சில மாதத்தில் மூடப்போவதாகத்தான் இருந்தது. மறுநாள் அட்டவணையில் அந்தப் பாதையின் எண்ணிக்கை பூச்சியம். சனம் பூச்சியமா? அதே ஆட்கள், அதே வேலை, அதே நேரம், பஸ்ஸில். எண்ணிக்கையைப் பாதையின் சொத்தாகப் பார்த்தால் மனுஷர் மறைந்துபோவார்கள்.

இப்போது கொழும்புக்கு வருவோம். மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீட்டர், 16 நிலையம். 2019 மார்ச்சில் ஜைக்காவுடன் முதல் கட்டக் கடன் ஒப்பந்தம், சுமார் 3,000 கோடி யென். வட்டி 0.1 வீதம். திருப்பிக் கட்ட 40 வருஷம், அதில் முதல் 12 வருஷம் சலுகைக் காலம். 2020 செப்டம்பரில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து ஒரு கடிதத்தோடு கதை முடிந்தது. செலவு அதிகம், கொழும்புக்குப் பொருத்தமில்லை என்பது காரணம்.

"2022இல் நாடு வங்குரோத்து ஆனதே, அந்தக் கடனும் சேர்ந்திருந்தால்?" என்று கேட்பவர்களுக்கு: 2019இலிருந்து 12 வருஷம் என்றால் 2031. முதல் கட்டக் கடனின் முதல் தவணையே அப்போதுதான். நம்மை 2022இல் கவிழ்த்தது 0.1 வீத வட்டிக் கடன் இல்லை. ஜப்பான் சாமான் வாங்க வேணும் என்கிற மாதிரியான நிபந்தனைகளை விமர்சிக்கலாம், விமர்சிக்க வேணும். தூண் மேல் ஓடும் ரயிலுக்குப் பதில் அதே காசில் எத்தனை பஸ் வாங்கலாம் என்று கேட்கலாம், அது நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலைப் பஸ்ஸாக வாங்கி வீதியில் விட்டிருந்தால்தான் ரத்து செய்ததற்கு ஒரு மரியாதை. ரயிலும் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. மாலபேக்காரர் இன்னும் அதே நெரிசலில்.

அடிஸ் அபாபாவைக் காட்டிப் பயமுறுத்துபவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2015இல் தொடங்கியது, சீனக் கடன், 41 ரயில்கள். டிக்கெட் விலை மிகக் குறைவு, வருமானம் செலவுக்குக் காணாது. உதிரிப்பாகத்துக்கு வெளிநாட்டுக் காசு வேணும், அது கையில் இல்லை. சில வருஷத்தில் பெரும்பாலான ரயில்கள் நின்றுபோயின, பயணிகளும் குறைந்தார்கள். வரிசை என்ன என்று பாருங்க. ஆட்கள் வராததால் ரயில் நிற்கவில்லை. ரயில் நின்றதால் ஆட்கள் குறைந்தார்கள். டொலர் இல்லாமல் பெற்றோல் வரிசையில் நின்ற நமக்கு இதிலிருந்து படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் படிக்க வேண்டியது "சனம் ஏறாது" என்பதை அல்ல.

கண்டியிலேயே இதற்கு ஒரு சின்ன உதாரணம் கிடக்கிறது. கண்டிக்குக் கோச்சி வந்தது 1867இல், மாத்தளைக்கு நீண்டது 1880இல். பேராதனையில் கம்பஸ் பக்கத்திலேயே சரசவி உயன நிலையம். அங்கிருந்து கண்டி, பிறகு அஸ்கிரிய, மஹியாவ, கட்டுகஸ்தோட்டை. வரைபடத்தில் பார்த்தால் ஒரு நகர ரயிலுக்கு வேண்டிய பாதை தயாராக இருக்கிறது, நகரத்தை மேற்கிலிருந்து வடக்கே ஊடறுத்து. ஆனால் மாத்தளைப் பக்கம் ஒரு நாளைக்கு ஓடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய கோச்சிகள். டித்வா புயல் மலைநாட்டுப் பாதையை உடைப்பதற்கு முன்பும் நிலைமை இதுதான். மஹியாவயில் ஏறுபவர்களை எண்ணிவிட்டு "கண்டிச் சனத்துக்குக் கோச்சி பிடிக்காது" என்று ஒரு அறிக்கை எழுதலாம். மணிக்கணக்காக ஒன்றும் வராத இடத்தில் யார் போய் நிற்பது? பத்து நிமிஷத்துக்கு ஒன்று ஓடவிட்டு எண்ணிப் பாருங்க, பேசுவோம்.

இனி திகன. வெளியூர்க்காரர்களுக்குத் திகன என்றால் 2018 மார்ச் மட்டும்தான் ஞாபகம். இங்கே இருப்பவர்களுக்கு அது ஒவ்வொரு நாளும் கண்டிக்குப் போய் வருகிற ஊர். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய மூழ்கிய காலத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் சனம் பெருகியது. குடியிருப்பு வந்தது, ரயில் வரவில்லை. இருப்பது மஹியங்கனை வீதி ஒன்றுதான். கெங்கல்ல, பல்லேகல, குண்டசாலைப் பக்கத்துச் சனம் எல்லாம் சேர்ந்து தென்னகும்புரப் பாலத்தில் இறுகும். தலதா மாளிகைக்கு முன்னால் போன வீதி 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு வாகனத்துக்கு மூடப்பட்டது. அதனால் கிழக்கிலிருந்து வருவது எல்லாம் வாவியைச் சுற்றித்தான் நகரத்துக்குள் போக வேணும். பாலத்திலிருந்து நகரத்துக்கு நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றும் காலைகள் உண்டு.

இந்தப் பாதையைப் பற்றி ஒரு விஷயம் அட்டவணைக்காரர்கள் கண்ணில் படுவதில்லை. வழக்கமாக ஒரு நகரப் பாதையில் காலையில் எல்லோரும் உள்ளே, மாலையில் எல்லோரும் வெளியே. போகும்போது நிரம்பிய வண்டி திரும்பும்போது வெறுமனே வரும். இங்கே அப்படி இல்லை. பல்லேகலயில் கைத்தொழில் பேட்டை இருக்கிறது, மத்திய மாகாண சபைக் காரியாலயங்கள் இருக்கின்றன, சிறைச்சாலையும் போகம்பரையிலிருந்து அங்கேதான் போனது (பார்க்கப் போகிற சனமும் சனம்தானே). காலையில் திகனயிலிருந்து கண்டிக்குக் கூட்டம் போகும்போதே கண்டியிலிருந்து பல்லேகலவுக்கும் கூட்டம் வருகிறது. ரெண்டு பக்கமும் ஆள் இருக்கிற பாதை என்பது போக்குவரத்துத் திட்டக்காரர் தேடித் திரிகிற சாமான்.

அப்போ திகனக்கு இலகு ரயில் வேணும் என்கிறேனா? இல்லை. ஒரு பஸ்ஸில் இருந்தும் நின்றும் 70 பேர் என்று வைத்தால், நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காகப் போனாலே மணிக்கு 4,200 பேர் ஒரு திசையில் போகலாம். பாலத்திலும் வாவிக் கரையிலும் பஸ்ஸுக்கு முன்னுரிமை கொடுத்தால், அதுவே இன்றைக்குப் பெரிய மாற்றம். தென்னகும்புரவிலிருந்து சுதுஹும்பொல வரை சுரங்கப்பாதை என்கிற பேச்சும் இருக்கிறது. அது வந்தாலும் முதலில் பஸ்ஸுக்கா, காருக்கா என்று கேட்க வேணும். என் சண்டை ரயிலுக்காக இல்லை. "அந்தப் பக்கம் அவ்வளவு ஆள் இல்லை" என்கிற பதிலோடுதான்.

ஏனென்றால் அந்த ஆளை யாரும் எண்ணியதே இல்லை. தனியார் பஸ் பலவற்றில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பதே அபூர்வம். கண்டக்டர் காசை விரலிடுக்கில் மடித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவார். டிக்கெட் இல்லை என்றால் பயணி இல்லை. அப்படியே எண்ணினாலும், போனவரைத்தான் எண்ண முடியும். போகாதவரை? இருட்டினால் பஸ் குறையும் என்பதால் பின்னேர விரிவுரையின் கடைசி அரை மணித்தியாலத்தைவிட்டு எழும்பிப் போகிறவள், நூலகத்தில் இருக்க ஆசைப்பட்டும் இருக்காதவள், கண்டியில் கிடைத்த வேலையை "திரும்பி வர வழியில்லை" என்று வீட்டில் சொல்லி வேணாம் என்று வைத்தவள், இவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். முச்சக்கரவண்டிக்குக் காசு இருக்கிறவர் போகிறார், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற அண்ணன் தம்பி போகிறார்கள். எதிர்காலத் தேவை என்று மதிப்பீடு போடும்போது இன்றைக்குப் போகிறவர்களின் தொகையைத்தான் பெருக்குகிறார்கள். பூச்சியத்தை எதால் பெருக்கினாலும் பூச்சியம். 1987இல் டொக்லண்ட்ஸில் இந்த மாதிரிக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் அந்த 11 வண்டித்தொடர்கூட வந்திருக்காது.

ஆகவே அட்டவணை போடுகிறவர்கள் கொஞ்சம் சிரமப்பட வேணும். எத்தனை லட்சம் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, மாறி ஏறினால் மறுபடி காசா, பெட்டிகளில் எத்தனை ஓடுகிற நிலையில் என்று நாலு பத்தி கூடுதலாகப் போடுங்க. அந்த நாலும் இல்லாத எண்ணிக்கையை நாங்க வாசிக்கப் போவதில்லை.

எண்ண ஆள் இல்லை என்று யாராவது சொன்னால், கலைப்பீடத்தில் புவியியல் துறை இருக்கிறது, சமூகவியல் இருக்கிறது, சும்மா இருக்கிற நாங்களும் இருக்கிறோம். தென்னகும்புரப் பாலத்தில் காலை 6 மணியிலிருந்து இரவு 9 மணி வரைக்கும் ஒரு வாரம் நின்று ஒவ்வொரு பஸ்ஸிலும் தலையை எண்ணித் தருகிறோம். 9 மணிக்கு எண்ணி முடித்த பிறகு திகனக்குத் திரும்பிப் போக ஒரு பஸ் மட்டும் போடுங்க.